எல்லாவற்றுக்கும் உலகமயமாக்கல்தான் காரணமா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஏற்றுமதி ஆவணங்களும் காஸ்டிங்கும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஆர்டர் குவிகிற சீசனில், "உலகமயமாக்கல் இல்லாவிட்டால் இந்த ஊர் இன்னும் பருத்திக் காடாகத்தான் இருந்திருக்கும்" என்று பேசுவார்கள். ஆர்டர் வற்றினால் அதே வாய், "உலகமயமாக்கல் நம்மை ஒழித்துவிட்டது" என்று சொல்லும். ஏறினாலும் அதுதான், இறங்கினாலும் அதுதான் என்றால், அதை வைத்துக்கொண்டு அடுத்த சீசனுக்கு நூல் வாங்குவதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பது?

2025 ஆகஸ்டை எடுத்துக்கொள்வோம். இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீதக் கூடுதல் வரி போட்டபோது வாட்ஸப்பில் இரண்டு செய்திகள் சுற்றின. ஒன்று, "அந்த வரியை இனி நம்மாட்கள் கட்ட வேண்டும்." இன்னொன்று, "அமெரிக்காவில் டி-ஷர்ட் விலை ஒன்றரை மடங்காகும், அவர்களே அலறிக்கொண்டு வருவார்கள்." இரண்டுமே தப்பு. இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை, ஒரு இன்வாய்ஸ் போதும்.

வரியைக் கட்டுவது அங்கே சரக்கை இறக்குமதி செய்பவர். டி.டி.பி. முறையில், அதாவது வரியும் சேர்த்து விலை பேசி அனுப்பினால் மட்டும்தான் அது நம் தலையில் விழும். அப்புறம், வரி போடுவது கடை விலைக்கு இல்லை, ஏறக்குறைய நம்முடைய எஃப்.ஓ.பி. விலைக்கு, அதாவது இங்கே கப்பலில் ஏற்றிவிடும் வரைக்குமான விலைக்கு. நாம் 4 டாலருக்கு அனுப்பும் டி-ஷர்ட் அங்கே கடையில் 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதம் என்றால் 2 டாலர். பையர், அதாவது அங்கே நம்மிடம் வாங்குபவர், அதை முழுக்க விலையில் ஏற்றினாலும் 20 என்பது 22 ஆகும், 30 ஆகாது. இன்னொரு விஷயம், பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் அதற்கு முன்பே 16.5 சதவீத வரி உண்டு. பல வருடம் சரக்கு அனுப்பியவர்களிலேயே சிலருக்கு இது புதுத் தகவலாக இருந்தது. நேற்றுவரை எல்லையே இல்லாத சுதந்திர வர்த்தகம் நடந்ததுபோலவும், திடீரென்று கதவு மூடிவிட்டதுபோலவும் பேசுகிறோம். துணிமணி வியாபாரத்தில் அப்படி ஒரு காலம் இருந்ததே இல்லை.

சரி, பையர்தான் கட்டுகிறார், நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? முடியாது. கஸ்டம்ஸில் பணம் கட்டுவது ஒருவர், பாரத்தைச் சுமப்பது இன்னொருவர் என்று ஆகலாம். பையர் மெயிலில் "விலையைக் குறைத்துக் கொடுங்கள்" என்று எழுதும்போது அந்த 2 டாலரில் ஒரு பங்கு நம் பக்கம் நகர்கிறது. 2018இல் அமெரிக்கா போட்ட வரிகளை அமிட்டி, ரெட்டிங், வைன்ஸ்டீன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். சுமை கிட்டத்தட்ட முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர்கள் மீதும் நுகர்வோர் மீதும்தான் விழுந்தது என்று கண்டார்கள். நல்ல ஆய்வு. ஆனால் அதை அப்படியே திருப்பூருக்குப் பொருத்தினால் சறுக்கிவிடும். 2025 ஆகஸ்டில் நமக்கு 50 சதவீதம், பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் 20. பையருக்குப் போக இன்னொரு இடம் இருக்கும்போது பேரத்தில் நம் கை தாழ்ந்துதான் இருக்கும். ஒரு ஆய்வு எந்தச் சரக்கை, எந்த வருடத்தில், என்ன நிலைமையில் அளந்தது என்று பார்க்காமல் முடிவை மட்டும் எடுத்து வீசினால், அதற்கும் வாட்ஸப் வதந்திக்கும் பெரிய தூரம் இல்லை.

பங்களாதேஷ் என்றதும் உடனே வரும் பதில், "அங்கே கூலி கம்மிங்க." கம்மிதான். ஆனால் அதோடு கதை முடிந்துவிடுமா? 2005 ஜனவரி 1ஆம் தேதி உலக ஆடை வர்த்தகத்தில் ஒரு நாடு இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற கோட்டா முறை முடிந்தது. சீனா எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும், பங்களாதேஷின் ஆடைத் தொழில் படுத்துவிடும் என்று அப்போது பலரும் ஆரூடம் சொன்னார்கள். நடந்தது நேர்மாறு. 2004-05இல் சுமார் 640 கோடி டாலராக இருந்த அவர்களுடைய ஆடை ஏற்றுமதி 2018-19இல் 3,400 கோடி டாலரைத் தாண்டியது. மிகவும் பின்தங்கிய நாடு என்ற தகுதியால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் ஆடைக்கு வரி கிடையாது. நாம் அங்கே நெடுங்காலம் 9.6 சதவீதம் சுமந்தோம். ஒரு டி-ஷர்ட்டின் எஃப்.ஓ.பி. விலையில் பெரும்பங்கு நூலுக்கும் துணிக்கும் போய்விடுகிறது. காஸ்டிங் ஷீட்டில் தையல் கூலியைப் பாதியாக வெட்டினாலும் அந்த 9.6 சதவீதம் முழுசாக ஈடாகுமா என்பது சந்தேகம். ஆனாலும் "கூலி கம்மி" என்ற பதில்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. டெய்லர் கூலி உயர்வு கேட்டு வரும்போது சொல்வதற்கு வசதியாகவும் இருக்கிறது.

ஒரே வருடத்தில் பல காரணங்கள் சேர்ந்து அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2011ஐவிட நல்ல உதாரணம் இல்லை. ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடின. மார்ச்சில் உலகச் சந்தையில் பஞ்சு விலை ராத்தலுக்கு 2 டாலரைத் தாண்டியது. அதே ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதியையும் தளர்த்தியது. பின்தங்கிய நாடுகள் வெளியில் வாங்கிய துணியைத் தைத்து அனுப்பினாலும் வரி இல்லை என்றது. அந்த வருடம் ஆர்டர் போனதற்கு எது காரணம்? உள்ளூரில் நீதிமன்றத்தைத் திட்டியவர்கள் உண்டு, பஞ்சு ஏற்றுமதியைத் திட்டியவர்கள் உண்டு, டாக்காவைத் திட்டியவர்களும் உண்டு. எனக்கு ஐரோப்பிய விதியைச் சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்தச் சலுகையில் அதிகம் லாபம் பார்த்தவை சட்டை, பேன்ட் போன்ற நெய்த துணி ஆடைகள். பனியனுக்கான பின்னல் துணியை, அதாவது நிட்டிங் துணியை, பங்களாதேஷ் ஏற்கெனவே தன் ஊரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தது. ஆகவே பனியன் ஆர்டர் போனதற்கு அதை முதல் காரணமாக வைக்க எனக்குத் தயக்கம் உண்டு.

அந்தச் சாயப்பட்டறைகளின் கழிவு கலந்த நொய்யல் ஆற்று விஷயத்தில் இரண்டு தரப்பும் சௌகரியமான பாதியை மட்டும் பேசுகிறது. பாசனத்துக்காக 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனது. உலகமயமாக்கலை எதிர்ப்பவர்கள் இதைக் காட்டுகிறார்கள், காட்ட வேண்டியதுதான். ஆதரிப்பவர்கள், "வேலை வேண்டுமென்றால் இதைச் சகித்துத்தான் ஆக வேண்டும்" என்றார்கள். பிறகு கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத சுத்திகரிப்பு கட்டாயமானது. செலவு கூடியது, பலர் தொழிலை விட்டார்கள், ஆனால் ஏற்றுமதி சாகவில்லை. வெளிநாட்டு ஆர்டரும் சாக்கடை ஆறும் ஒன்றாகத்தான் வரும் என்ற வாதம் அதோடு அடிபட்டுப்போனது. ஆற்றைக் கெடுத்ததில் பையருக்கும் பங்கு உண்டு. கேட்க வேண்டியவர்கள் இத்தனை வருடம் கேட்காததற்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

"ஏற்றுமதி சாகவில்லை" என்று நான் சொன்னதையும் சோதித்துப் பாருங்கள். திருப்பூரின் ஏற்றுமதி 2010-11இல் சுமார் 12,500 கோடி ரூபாய், 2022-23இல் சுமார் 34,000 கோடி. மேடையில் இதை "ஏறக்குறைய மூன்று மடங்கு" என்பார்கள். இடையில் டாலர் சுமார் 45 ரூபாயிலிருந்து 80க்குப் போய்விட்டது. டாலரில் போட்டால் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். வளர்ச்சி உண்மை, மூன்று மடங்கு என்பது ரூபாய் காட்டிய வித்தை.

பெரிய அரங்கிலும் இதே கதைதான். 1990இல் சுமார் 190 கோடிப் பேர் நாளுக்கு 1.90 டாலருக்குக் கீழே வாழ்ந்தார்கள் என்றும், 2015இல் அது சுமார் 74 கோடியாகக் குறைந்தது என்றும் உலக வங்கி கணக்கிட்டது. உலகமயமாக்கலுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்பார்கள். அந்தக் குறைவில் பாதிக்கு மேல் சீனா. சீனா சந்தையைத் திறந்தது நிஜம், வங்கிகளையும் மூலதனத்தையும் கைக்குள் வைத்துக்கொண்டே திறந்ததும் நிஜம். இரண்டு கட்சியும் அதே சீனாவைத் தன் சாட்சியாகக் கூப்பிடுகிறது. இந்தியாவில் 1991க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்ததைப் பெட்டியா டோபலோவா என்ற பொருளாதார அறிஞர் மாவட்ட வாரியாக ஆராய்ந்தார். வெளிநாட்டுப் போட்டிக்கு அதிகம் ஆளான கிராமப்புற மாவட்டங்களில் வறுமை குறைந்த வேகம் மற்ற இடங்களைவிட மெதுவாக இருந்தது. இது கைமாறிக் கைமாறி, "தாராளமயத்தால் வறுமை கூடியது, ஆய்வே சொல்கிறது" என்று ஆகிவிடுகிறது. அவர் ஒப்பிட்டது மாவட்டத்தை மாவட்டத்தோடு. நாடு முழுவதும் என்ன ஆனது என்பது வேறு கேள்வி, அதற்கு அந்த முறையில் பதில் கிடைக்காது.

நம் சரக்கைப் பற்றி யாராவது உங்களிடம் அடித்துப் பேசினால், பன்னாட்டு வர்த்தக மையத்தின் டிரேட் மேப் தளத்தில் பதிவு செய்துகொண்டு, டி-ஷர்ட்டுக்கான 6109 என்ற ஹெச்.எஸ். எண்ணை, அதாவது கஸ்டம்ஸில் சரக்கை வகைப்படுத்தும் எண்ணை, போட்டுப் பாருங்கள். எந்த நாடு யாரிடமிருந்து எவ்வளவு வாங்கியது என்று வருட வாரியாக வரும். டாலரிலேயே பாருங்கள். மதிப்போடு எடையும் இருந்தால் ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். விலை இறங்கியதா, சரக்கே குறைந்ததா என்பது அதில் ஓரளவுக்குத் தெரிந்துவிடும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.