டெவலப்பர் கட்டும் பணம் எங்கே போகிறது?

"இத்தனை ஃபிளாட் கட்டுறாங்க, ஒரு ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக் வரலையே?" லண்டனில் பிளானிங் (கட்டட அனுமதி) ஆலோசகராக இருக்கும் என்னிடம் நம் ஆட்கள் அதிகம் கேட்பது இதைத்தான். பெரிய கட்டடத் திட்டங்களில் கவுன்சில் (உள்ளாட்சி) டெவலப்பரிடம் பணம் வாங்கத்தான் செய்கிறது. அது எப்படி வருகிறது, எங்கே நிற்கிறது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை.

இங்கிலாந்தில் இதற்கு இரண்டு வழி. சி.ஐ.எல். (கம்யூனிட்டி இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லெவி) என்பது புதிய கட்டடங்களுக்காக 2010-இல் வந்த வரி. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று விகிதம் இருக்கும், பேரம் கிடையாது. சில கவுன்சில்கள் இதை வசூலிப்பதே இல்லை. லண்டனில் மேயர் வேறு 2012 முதல் கிராஸ்ரெயில் ரயில் திட்டத்துக்காகத் தனியாக வாங்கி வருகிறார். (சொந்த வீடு கட்டுபவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அஸ்திவாரம் தோண்டும் முன்பே அதை வாங்கிவிட வேண்டும். தோண்டியபின் கேட்டால் கிடைக்காது.)

இன்னொன்று செக்‌ஷன் 106. 1990-ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 106-ஆம் பிரிவின் கீழ் டெவலப்பரும் கவுன்சிலும் போடும் ஒப்பந்தம் இது. பள்ளி, பூங்கா, சாலைச் சந்திப்பு, குறைந்த வாடகை வீடுகள் எல்லாம் இதில் வரும். அந்தக் கட்டடத்தால் வரும் தேவைக்கு மட்டும்தான் கேட்க முடியும். ஊரின் பழைய குறைகளை எல்லாம் டெவலப்பர் தலையில் கட்ட முடியாது.

பேரம் நடப்பது இங்கேதான். "இவ்வளவு கொடுத்தால் கட்டுப்படியாகாது" என்று டெவலப்பர் ஒரு கணக்கைக் கொண்டுவருவார். விற்பனை மதிப்பில் 15 முதல் 20 சதவீத லாபம் பொருத்தமானது என்று அரசு வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் நிலத்தை அதிக விலைக்கு வாங்கிவிட்டேன் என்பதைக் காரணமாகக் காட்டக் கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தக் கணக்கு பெரும்பாலும் கவுன்சில் இணையதளத்திலேயே கிடக்கும். படிப்பவர்தான் இல்லை.

சரி, கிளினிக்? கவுன்சில் இடமும் பணமும் ஒதுக்கினாலும், அதை நடத்த அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். முன்வர வேண்டும். அதுவரை பணம் கணக்கில் தூங்கும். 106 ஒப்பந்தங்களில் பெரும்பாலும் காலக்கெடு இருக்கும். அதற்குள் செலவழிக்காவிட்டால் டெவலப்பர் திருப்பிக் கேட்கலாம்.

இந்தப் பணங்களை வாங்கும் ஒவ்வொரு கவுன்சிலும் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எவ்வளவு மிச்சம் என்று ஆண்டுதோறும் டிசம்பர் 31-க்குள் அறிக்கை வெளியிட வேண்டும். 2020 முதல் இது கட்டாயம். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் பேசப் போகும் முன் மிச்சத் தொகைப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். சி.ஐ.எல். பணத்தில் 15 சதவீதம் அந்தந்தப் பகுதிக்கே உரியது. அக்கம்பக்கத்தார் வாக்களித்து நிறைவேற்றிய வட்டாரத் திட்டம் (நெய்பர்ஹுட் பிளான்) இருந்தால் 25 சதவீதம். அதை எதற்குச் செலவழிப்பது என்பதில் குடியிருப்போரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது அரசு வழிகாட்டுதல்.

புதிய கட்டடத்துக்கு எதிரான ஆட்சேபக் கடிதத்தில் "நெரிசல் கூடும்" என்று மட்டும் எழுதினால் 106 ஒப்பந்தத்தில் ஒன்றும் ஏறாது. எந்தச் சந்திப்பில் சிக்னல் வேண்டும், எந்தப் பூங்காவில் விளையாட இடம் போதாது என்று குறிப்பாக எழுதுங்கள். அதையும் அனுமதியை முடிவு செய்யும் பிளானிங் கமிட்டி கூடும் முன்பே அனுப்புங்கள்.