இரட்சிப்பு, மீட்பு: சொல் விளக்கம்

கடவுள் மனிதரைக் காப்பாற்றுவதைக் கிறிஸ்தவர்கள் 'இரட்சிப்பு' என்பார்கள். இது வடமொழி வழியாக வந்த சொல். காத்தல் என்று பொருள்படும் 'ரக்ஷ்' அதன் வேர். தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால், ராமன் 'இராமன்' ஆனதுபோல, முன்னால் ஓர் இகரம் சேர்ந்துகொண்டது. இரட்சகர், இரட்சணியம் எல்லாம் இதே குடும்பம். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளிவந்த தம் காப்பியத்துக்கு 'இரட்சணிய யாத்திரிகம்' என்று பெயர் வைத்தார். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு தமிழில் 'இரட்சணிய சேனை' ஆனது.

இதற்குத் தமிழ்ச்சொல் எது என்று கேட்டால் உடனே வரும் பதில் 'மீட்பு'. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டது. அங்கே இரட்சகர் 'மீட்பர்' ஆகிறார். சரி, வடசொல்லை எடுத்துவிட்டுத் தமிழ்ச்சொல்லை வைத்தாயிற்று, அவ்வளவுதானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. ஆனால் வேறு வேறு திசையில் நின்று காட்டுகின்றன. வாழ்க்கை உடைந்துபோய் 'இனி நான் யார்?' என்று நிற்பவருக்கு அந்த வேறுபாடு சின்ன விஷயமல்ல.

மீட்புக்கு வேர் 'மீள்'. மீள்தல் என்றால் திரும்பி வருதல். நாம் நாள்தோறும் சொல்லும் 'மீண்டும்' இதிலிருந்து வந்ததுதான். தானே திரும்பி வந்தால் 'மீண்டான்'. இன்னொருவரையோ ஒரு பொருளையோ திரும்பக் கொண்டுவந்தால் 'மீட்டான்'. கேள் என்பதிலிருந்து கேட்டான், கேட்பு என்று வருவதுபோல மீள் என்பதிலிருந்து மீட்டான், மீட்பு. (வீணையை 'மீட்டினான்' என்பது வேறு வடிவம். உடைந்த உள்ளத்தைக் கடவுள் வீணைபோல் மீட்டுகிறார் என்று மேடையில் இரண்டையும் முடிச்சுப் போடுவார்கள். கேட்க இனிமையாக இருக்கும், அதற்குமேல் அதில் பாரம் ஏற்ற வேண்டாம்.)

காப்பாற்றுவதற்கு முன்னுறவு எதுவும் வேண்டியதில்லை. ஆற்றில் தத்தளிக்கும் முன்பின் தெரியாதவரையும் காப்பாற்றலாம். மீட்பு அப்படி இல்லை. அடகு வைத்த நகையை மீட்கிறோம். கடையில் புதிதாக எடுத்த நகையை மீட்டதாக யாரும் சொல்வதில்லை. ஏற்கெனவே உரிமை இருந்து, இடையில் கைவிட்டுப் போனதுதான் மீட்கப்படும். 'மீட்புப் படை' என்று இன்று செய்திகளில் வரும்போது இந்த உரிமைப் பொருள் தேய்ந்துவிட்டது, உண்மைதான். ஆனாலும் சொல்லின் அடியில் அது இன்னும் கிடக்கிறது.

பழந்தமிழில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்கப் போகும் போர் கரந்தை. தொல்காப்பியம் இதை, ஆநிரை கவரும் போரான வெட்சிக்குள்ளேயே அடக்கியது. புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாகப் பிரித்தது. ஊர் மாடுகளை மீட்கும் போரில் உயிர்விட்ட வீரனுக்கு நடுகல் எடுத்தார்கள். நிரை வீடு திரும்பும். மீட்கப் போனவன் திரும்பமாட்டான். 'மீட்பு' என்ற சொல்லைச் சிலுவைக்குப் பொருத்தியவர்கள் கரந்தையை நினைத்தார்களோ இல்லையோ, தமிழில் அந்தச் சொல்லுக்குள் விலை கொடுத்தல் என்ற நினைவு முன்பே ஏறியிருந்தது.

இனி விவிலியத்தின் மூலமொழிகள். எபிரேயத்தில் 'யாஷா' என்றால் காத்தல், விடுவித்தல். இயேசு என்ற பெயரின் எபிரேய வடிவமான 'யேசுவா' இதிலிருந்து வருகிறது. அதற்கு 'இரட்சிப்பு' நன்றாகவே பொருந்தும். ஆனால் 'காஅல்' என்று இன்னொரு வினை உண்டு. வறுமையால் ஒருவன் நிலத்தை விற்றுவிட்டாலோ தன்னையே அடிமையாக விற்றுவிட்டாலோ, நெருங்கிய உறவினன் வந்து பணம் கொடுத்து மீட்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 25-ஆம் அதிகாரம். அந்த உறவினனுக்குப் பெயர் 'கோஏல்'. விதவையாகி, மாமியாரோடு அந்நிய மண்ணுக்கு வந்த ரூத்துக்குப் போவாஸ் அப்படித்தான் நின்றார். விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ரூத்தின் கதையில் அவரைச் 'சுதந்தரவாளி' என்கிறது. மீட்பு அங்கே மறைந்துவிடுகிறது, பாவம். பிள்ளைகள், சொத்து, உடல்நலம் எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபு சொல்லும் 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்ற வரியில் இருப்பதும் இதே 'கோஏல்'தான். கடவுளை அவர் அழைப்பது காவலர் என்று அல்ல, தன்மேல் உரிமையுள்ள உறவினர் என்று.

எருசலேம் வீழ்ந்து மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட பேரழிவின் பின்னணியில் வாசிக்கப்படும் ஏசாயா 43-இலும் இதே வினை வருகிறது: 'பயப்படாதே; உன்னை மீட்டுக்கொண்டேன்; உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன்; நீ என்னுடையவன்.' நாடு, கோயில், அரசன் என்று தங்கள் அடையாளம் எதன்மேல் நின்றதோ அதெல்லாம் போனவர்களுக்குச் சொன்னது இது. 'இனிமேல் ஒழுங்காக இருந்தால் என்னுடையவன் ஆவாய்' என்று அதில் இல்லை.

புதிய ஏற்பாட்டில் கிரேக்கச் சொற்களும் இப்படியே இரண்டாகப் பிரியும். அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கக் கொடுக்கும் விலை 'லுத்ரோன்'. மாற்கு 10:45-இல் 'மீட்கும்பொருள்' என்று வருவது இது. மற்றொன்று 'சோட்சோ'. அதற்குக் காப்பாற்றுதல், குணமாக்குதல் இரண்டுமே பொருள். பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் ஒதுங்கி வாழ்ந்த பெண் கூட்டத்தில் பின்னால் வந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். 'மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது' என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. நோய் நீங்கியதைச் சொல்வதா, அதைவிடப் பெரிதான ஒன்றைச் சொல்வதா என்று மொழிபெயர்ப்பாளர் திணறும் இடம் இது. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது 'மகளே' என்ற விளி. அதுவரை அவளுக்கு நோயைத் தவிர வேறு அடையாளமே கதையில் இல்லை.

இயேசு சொன்ன ஊதாரி மைந்தனின் உவமையையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம். சொத்தை அழித்து, பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்தவன் ஊர் திரும்பும்போது ஒரு பேச்சைத் தயார் செய்கிறான்: உம் மகன் எனப்பட நான் தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். லூக்கா 15-இல் 19-ஆம் வசனத்தையும் 21-ஆம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தந்தைமுன் நிற்கும்போது முதல் பாதியைத்தான் அவன் சொல்கிறான். கூலிக்காரன் என்ற பகுதி வருவதற்குள் அப்பா அங்கியும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.

சபை வழக்கில் 'நான் இரட்சிக்கப்பட்டேன்' என்று ஒரு நாளைக் குறித்துச் சாட்சி சொல்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் திருத்தூதர் பவுல் தம் கடிதங்களில் மூன்று காலத்திலும் எழுதுகிறார்: எபேசியருக்கு 'இரட்சிக்கப்பட்டீர்கள்', கொரிந்தியருக்கு 'இரட்சிக்கப்படுகிற நமக்கோ', ரோமருக்கு இனி இரட்சிக்கப்படுவோம் என்ற எதிர்காலம். குடியை விட்டுவிட்டு மறுபடி சறுக்கியவரையும், மன அழுத்தம் இன்னும் தீராதவரையும் பார்த்து 'நீ உண்மையாகவே இரட்சிக்கப்பட்டாயா?' என்று கேட்பவர்கள் நடுவில் இருக்கும் நிகழ்காலத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தக் கேள்வி பண்ணும் காயம் கொஞ்சமல்ல.

அந்த நிகழ்காலத்துக்கு ஏற்ற சொல் 'சீர்ப்படுத்துதல்'. 1 பேதுரு 5:10-இல் இது வருகிறது. கிரேக்கத்தில் இதற்கான வினையும், மீனவர் வலையைப் 'பழுதுபார்த்து'க்கொண்டிருந்தார்கள் என்று மத்தேயு 4:21-இல் வரும் வினையும் ஒன்றே.

எழுதும்போது எதைப் பயன்படுத்துவது? பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்தவர்களுக்கு 'இரட்சிப்பு' செபத்தோடும் பாட்டோடும் கலந்துவிட்ட சொல். அதைப் பிடுங்க வேண்டியதில்லை. பொது வாசகருக்கு எழுதுகிறவர் 'மீட்பு' என்றே எழுதலாம். 'வீடுபேறு', 'முக்தி' இரண்டும் பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதைக் குறிப்பவை, இங்கே பொருந்தா. 'உய்வு' அழகான பழஞ்சொல், ஆனால் பேச்சிலிருந்து போய்விட்டது. தன் கதையை எழுதுகிறவர்கள் வினையில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். 'மீண்டேன்' என்றால் நானே திரும்பினேன். 'மீட்கப்பட்டேன்' என்றால் என்னைத் தேடி ஒருவர் வந்தார். கிறிஸ்தவச் சாட்சிக்குப் பின்னதே சரி. சிகிச்சை, ஆலோசனை, பல மாத முயற்சி ஆகியவற்றைச் சொல்லும் பத்தியில் 'மீண்டேன்' என்று எழுதினாலும் நம்பிக்கைக்குக் குறைவு ஏதும் வந்துவிடாது.