முகம் எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருளல்ல

சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்த இளம்பெண் ஒருவர், தாம் முகத்தில் பூசி வந்தவற்றை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னேன்: ஃபேஸ்வாஷ் இரண்டு, ஸ்க்ரப், டோனர், வைட்டமின் சி சீரம், கிளைகாலிக் அமிலம், ரெட்டினால், இரண்டு கிரீம்கள் என்று மொத்தம் ஒன்பது. அவருடைய கன்னங்கள் சிவந்திருந்தன. மூக்கின் இரு ஓரங்களிலும் தோல் மெல்லிய செதில்களாக உரிந்துகொண்டிருந்தது. வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது என்றவர், "எரிந்தால்தானே டாக்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம்?" என்று கேட்டார்.

நான் அன்றாடம் காணும் பாதிப்புகள் பலவற்றுக்கு இந்த எண்ணமே வேர். நம் தோலின் வெளியடுக்கு, முகத்தில், எழுதும் தாளைவிட மெல்லியது. அதில் உயிரற்ற செல்கள் செங்கல்லைப் போல அடுக்கப்பட்டிருக்க, செராமைடு என்ற கொழுப்பு வகை, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை அவற்றுக்கு இடையே சாந்தாக நின்று, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமலும் வெளியே இருக்கும் கிருமியும் ரசாயனமும் உள்ளே நுழையாமலும் காக்கின்றன. இந்த அடுக்கின் இயல்பான அமிலத்தன்மை பி.எச். 5 அளவில் இருக்கும் (பி.எச். 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்). சாதாரண சோப்பு 9 முதல் 10 வரை இருப்பதால், அடிக்கடி சோப்புப் போடும்போது அந்தச் சாந்து கரைகிறது. எண்ணெய்ப் பசையுள்ள சருமத்தினர் நாளுக்கு ஐந்தாறு முறை முகம் கழுவி, மேலே பிசுபிசுப்பும் அடியில் வறட்சியுமாக வந்து நிற்பது இதனால்தான். மென்மையான ஃபேஸ்வாஷால் இரு வேளை கழுவினால் போதும்.

உங்கள் சருமம் எவ்வகை என்று அறிய, முகத்தைக் கழுவிவிட்டு எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். முழுதும் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் வறண்ட சருமம்; நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கினால் கலவைச் சருமம். வயதும் பருவமும் ஹார்மோன்களும் இதை மாற்றும் என்பதால், சென்ற ஆண்டு ஒத்துக்கொண்டது இவ்வாண்டும் ஒத்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு ஒன்பதையும் நிறுத்தச் சொல்லி, மணமற்ற ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றை மட்டும் கொடுத்தேன். தோலின் மேற்புறம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் பலனில்லை என்று பொருளை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள்தான் அதிகம். சன்ஸ்கிரீனைப் பெரும்பாலோர் தேவையில் பாதிகூடப் பூசுவதில்லை. முகத்துக்கும் கழுத்துக்குமாக இரு விரல் நீளம் வேண்டும். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். புதிதாக எதை வாங்கினாலும், முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் தடவிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது, ஸ்டீராய்டு கலந்த கிரீம்களை நிறம் கூட்டுவதற்காகப் பூசுவது. முதல் சில வாரங்களில் முகம் பளிச்சென்று ஆவது உண்மை. அதன்பின் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்து, பருக்கள் கிளம்பி, நிறுத்தினாலே முகம் தீயாய் எரியும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று உறையில் இருந்தால், மருத்துவர் எழுதித் தராமல் முகத்தில் வைக்காதீர்கள்.

ஆறாவது வாரம் அந்தப் பெண் வந்தபோது எரிச்சலும் செதிலும் அடங்கியிருந்தன. பழைய ஒன்பதில் எவற்றைத் திரும்பத் தொடங்கலாம் என்று கேட்டார். உண்மையில் அவருக்கு இருந்தது நெற்றியில் நான்கைந்து சிறு பருக்கள் மட்டுமே. கர்ப்பமாக இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, இரவில், வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் என்று பருவுக்கான அடாபலீன் ஜெல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன்.