மீனைத் தெரியாத ஏற்பியும் ‘ஒவ்வாமை உணர்வி’யும்

கேரளத்தில் பாலக்காட்டை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கத் தொடங்கினால் வீட்டுக்கு ஒருவராவது தும்முவார்கள். இந்த வருடம் அண்ணன் மகள். எது ஒவ்வாது என்று பார்க்கும் தோல் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து, ஊசிமுனையால் லேசாகக் குத்தி, கால் மணி நேரம் உட்காரச் சொல்லிவிட்டுக் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். தமிழ்ப் பக்கத்தில் ரிசெப்டருக்கு, அதாவது செல்லின் மேல் ஒரு பொருள் வந்து பொருந்தும் புரதத்துக்கு, ‘ஒவ்வாமை உணர்வி’ என்று போட்டிருந்தது. இதே சொல்லை ஒரு காணொளியில் கேட்டாகிவிட்டது, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்பதிவில் கேட்டாகிவிட்டது, இப்போது அச்சிலும் வந்துவிட்டது. “அலர்ஜியை உணருதுன்னு போட்டிருக்காங்க, அதுல என்ன தப்பு சித்தப்பா?” என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மூலச்சொல் இலத்தீன், ‘ஏற்றுக்கொள்’ என்ற வினையிலிருந்து வந்தது. 1900 வாக்கில் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் இதைச் செல்லின் மேல் இருக்கும் பிடிப்பிடத்துக்குப் பெயராக வைத்தார். அதற்கு முன் ‘பக்கச் சங்கிலி’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். தமிழில் ஏற்பி. வேர் ஏல். வேர்க்கதை அவ்வளவுதான்.

சரி, உணர்விக்கு வருவோம். உணர்வி என்றால் சென்சார். கதவைத் திறந்தால் விளக்கெரிகிற மாதிரி, ஒன்றைக் கண்டு தகவல் சொல்வது. நாம் பேசுகிற ஏற்பி, ஒவ்வாமையில் பங்கெடுக்கும் ஐஜி-ஈ என்ற எதிர்ப்பொருளுக்கான ஏற்பி. மாஸ்ட் செல், பேசோஃபில் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் மேல் உட்கார்ந்திருப்பது, நான்கு புரதச் சங்கிலி சேர்ந்தது: ஓர் ஆல்ஃபா, ஒரு பீட்டா, இரண்டு காமா. வெளியே நன்றாக நீட்டிக்கொண்டிருப்பது ஆல்ஃபா மட்டும்தான். அதில் இரண்டு மடிப்புகள், முழங்கை மடக்கினதுபோல ஒன்றோடொன்று வளைந்து நிற்கும், உச்சியில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலங்கள் துருத்திக்கொண்டிருக்கும். ஆல்ஃபாவின் படிக அமைப்பு 1998-இல் வெளியானது, Y வடிவ ஐஜி-ஈ எதிர்ப்பொருளின் வால்பகுதி அதில் உட்கார்ந்திருக்கும் அமைப்பு 2000-இல். அதைப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். வாலின் இரண்டு கால்களும் ஒரே ஆல்ஃபாவை இரண்டு இடத்தில் கவ்விக்கொள்கின்றன, ஓரிடத்தில் எதிர்ப்பொருளின் புரோலின் என்ற அமினோ அமிலம் ஒன்று இரண்டு டிரிப்டோஃபான்களுக்கு நடுவே செருகி நிற்கிறது. ஓர் ஏற்பிக்கு ஓர் எதிர்ப்பொருள், இரண்டாவதற்கு இடமில்லை.

இதில் மகரந்தம் எங்கே வந்தது? பார்த்தீனியச் செடி எங்கே, செம்மீன் என்கிற இறால் எங்கே? இந்த ஏற்பியில் அவற்றுக்கு இடமே கிடையாது. ஒவ்வாத பொருளைக் கண்டுகொள்வது எதிர்ப்பொருளின் தலைப்பக்கம், ஏற்பி பிடித்திருப்பது வாலை. ரத்தத்தில் இரண்டு நாளில் பாதியாகிவிடுகிற ஐஜி-ஈ இந்த ஏற்பியில் உட்கார்ந்தால் வாரக்கணக்கில் எழுந்திருக்காது. அத்தனை நாளும் ஏற்பி ஒன்றையும் ‘உணர்ந்து’ சத்தம் போடுவதில்லை. பக்கத்துப் பக்கத்து ஏற்பிகளில் இருக்கும் எதிர்ப்பொருள்களை ஒரே மகரந்தப் புரதம் பாலம்போட்டு இழுத்துச் சேர்க்கும்போதுதான், உள்ளே நீண்டிருக்கும் காமா, பீட்டா வால்கள் வழியாகச் செய்தி போய், தும்மலையும் அரிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் கொட்டுகிறது. ஆல்ஃபாவுக்கு அந்தச் செய்திவேலையில் பங்கில்லை.

ஆதாரம் இன்னும் பழையது. 1921-இல் ஜெர்மனியில் கூஸ்ட்னர் என்பவருக்கு மீன் ஆகாது. பிராஸ்னிட்ஸ் என்பவருக்கு மீனால் ஒன்றும் செய்யாது. கூஸ்ட்னரின் ரத்தச் சீரத்தை எடுத்துத் தன் தோலுக்குள் ஊசியால் ஏற்றிக்கொண்டார் பிராஸ்னிட்ஸ். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினால், அந்த இடம் மட்டும் தடித்துச் சிவந்தது. ஐஜி-ஈ என்ற பெயரெல்லாம் அப்போது கிடையாது, அதை இஷிசாகா தம்பதியும் சுவீடன்காரர்களும் கண்டுபிடித்ததே 1966, 67-இல்தான். ஆனால் கதை அங்கேயே முடிந்துவிட்டது: பிராஸ்னிட்ஸின் செல்களுக்கு மீனைத் தெரியாது, வந்த எதிர்ப்பொருளை ஏற்றுக்கொண்டன, அவ்வளவே. அடுத்தவர் எதிர்ப்பொருளைக்கூட ஏற்பதைப் போய் உணர்வி என்பதா?

‘வாங்கி’ என்று இலங்கைப் புத்தகங்களில் இருக்கிறதே என்பார்கள். அங்கே நிலைத்த சொல், அதைக் குறை சொல்ல நான் யார். ஆனால் எங்கள் ஊரில் வாங்குவது சந்தையில்தான், தமிழிலும் சரி மலையாளத்திலும் சரி. ஆஸ்துமாக்காரரிடம் போய் வாங்கி என்றால், மூச்சு வாங்குவதைத்தான் கேட்கிறோம் என்று நினைப்பார். தட்டச்சில் ஒரு கால் விட்டுப்போனால் வங்கி வேறு.

ஏற்பியை நான் இவ்வளவு தூரம் தாங்கிப் பேசுவதற்குக் காரணம், ஏல் என்ற வேருக்கு இரண்டு பக்கம் உண்டு. வாங்கிக்கொள்வது ஒன்று: ஔவையார் ‘ஏற்பது இகழ்ச்சி’ என்றாரே, அது. பொருந்துவது இன்னொன்று: காலுக்கு ஏற்ற செருப்பு. செல்லின் மேல் நடப்பது சரியாக இந்த இரண்டும்தான், பொருந்துவதைத்தான் ஏற்கும். எதிரில் ஒவ்வாமை என்ற சொல்லைப் பாருங்கள், பொருந்தாமை. ஒவ்வாததற்கு எதிராக எழுந்த எதிர்ப்பொருளுக்கு ஏற்ற ஏற்பி! மலையாளப் பாடப்புத்தகத்தில் கிராஹி, தெலுங்கில் கிராஹகம், இரண்டும் வடமொழிக் கடன். ஆனால் அதே மலையாளப் பத்திரிகை ‘ஷோக்கேற்று மரிச்சு’ என்று தினமும் எழுதுகிறது, அந்த ஏல் நம்முடையதும்தான். ஏற்பி என்றால் மலையாளம் பேசுகிறவர்களுக்கும் பாதி புரிந்துவிடும்.

வேதியியலில் எலக்ட்ரானை ஏற்பதும் ஏற்பிதானே, குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். குழம்பும், கொஞ்சம். ‘ஐஜி-ஈ ஏற்பி’, ‘ஹிஸ்டமின் ஏற்பி’ என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. சேர்க்கவும் வேண்டும். செட்டிரிசின் மாத்திரை போய் அடைப்பது ஹிஸ்டமின் ஏற்பியை, ஓமலிசுமாப் ஊசி பிடிப்பது ஏற்பியில் உட்காரப்போகும் ஐஜி-ஈயை. இரண்டையும் ‘ஒவ்வாமை உணர்வி’ என்ற ஒரே சாக்கில் கட்டினால் நோயாளிக்கு எது எதுக்கென்று எப்படித் தெரியும்?

சிக்கல் சொல்லில்கூட இல்லை, பொருளைப் பார்க்காமல் பெயர்ப்பதில். ஆங்கிலத்தில் மாஸ்ட் என்றால் பாய்மரம் என்பதால், அந்தத் தாளிலேயே மாஸ்ட் செல்லைப் ‘பாய்மரச் செல்’ ஆக்கியிருந்தார்கள்! 1878-இல் எர்லிக் வைத்த பெயர் அது, ஜெர்மனில் கொழுக்கத் தீனி போடுவதைக் குறிக்கும் சொல், செல்லுக்குள் துகள் துகளாக நிறைந்திருந்ததைப் பார்த்துத் தின்று கொழுத்தது என்று நினைத்தார். கப்பலுக்கும் அதற்கும் என்ன உறவு? அச்சுக்குப் போகுமுன் படிக்க ஓர் ஆளில்லையா?

நேர்ப்பேச்சிலும் இந்தக் கூத்து உண்டு. அன்றைக்கு நர்ஸ் சேச்சி, “செம்மீன் உடம்புக்குப் பிடிக்குமோ?” என்று கேட்டார். ஒத்துக்கொள்ளுமா என்பது அவர் கேள்வி. இவள் “ரொம்பப் பிடிக்கும்” என்றாள், அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். நான் குறுக்கே விழுந்து திருத்த வேண்டியதாயிற்று.

தாளைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் புதுத் தாள் கொண்டுவந்து காட்டினாள். உணர்வி போய் ஏற்பி வந்திருக்கிறது. பாய்மரச் செல் மட்டும் அப்படியே நிற்கிறது.