தாத்தாவின் சவரக்கத்தியை அரித்தது எது?

செங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டிக்குள் தாத்தாவின் மடக்கு சவரக்கத்தி கிடைத்தது. ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் செய்தது. வெளியே தெரியும் முதுகுப் பக்கம் பளபளவென்று இருந்தது, பிடிக்குள் மடங்கியிருந்த அலகில்தான் துரு ஏறிக் குழி குழியாக அரித்திருந்தது. ஊர்ச் சாரல்தான் காரணம் என்றால் முதுகல்லவா முதலில் துருப்பிடித்திருக்க வேண்டும்?

அரித்தது பிடி. பார்க்க ஆமை ஓடு மாதிரி இருந்தாலும் அது செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸில் கற்பூரம் கலந்து செய்த, 1870-களில் சந்தைக்கு வந்த பழைய பிளாஸ்டிக். அரத்தால் லேசாகத் தேய்த்தாலே கற்பூரம் மணக்கும். வயதாக ஆக அது சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை விடுகிறது, அவை ஈரக் காற்றோடு சேர்ந்து அமிலமாகி, பிடியின் இரண்டு தகடுகளுக்கு நடுவே அடைபட்டு எஃகைத் தின்கின்றன. ஆரியங்காவு கணவாய்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, மூடிய பெட்டி வேறு. அதனால் எவ்வளவு அழகாக இருந்தாலும் சிதையத் தொடங்கிய பிடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பிடியைக் கோத்திருக்கும் ஆணித் தலையை அரத்தால் ராவிவிட்டுத் தட்டி எடுங்கள். மெஷின் வேண்டாம், செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும். அலகுக்கும் கைத்தேய்ப்புதான், 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால் எஃகின் கடினம் குறைய ஆரம்பிக்கும். முதுகை மட்டும் தொடாதீர்கள். சாணைக்கல்லில் முதுகும் கூரும் சேர்ந்து படுப்பதால்தான் கூரின் கோணம் அமைகிறது, முதுகு தேய்ந்தால் கோணமும் மாறிவிடும்.

புதுப் பிடிக்குச் சிரட்டை ஆகாதா என்று புனலூர் நண்பர் கேட்டார். சிரட்டை வளைவானது, 15 செ.மீ. நீளத்துக்கு நேர்த்தகடு கிடைக்காது. நான் எருமைக் கொம்பை எடுத்தேன். நம் நகம் மாதிரியே அதுவும் கெரட்டின், சூடுகாட்டினால் இளகும், அழுத்தி வைத்தால் தட்டையாகும்.

உண்மையான வேலை ஆப்பில் இருக்கிறது. பிடியின் அடியில், இரு தகடுகளுக்கும் நடுவே வைக்கும் சின்னத் துண்டு அது. பழைய கத்திகள் பலவற்றில் ஈயத்தில் இருக்கும். அடியில் தடித்து உள்ளே போகப் போக மெலிந்திருந்தால்தான் தகடுகள் வில் போல வளைந்து, பிடிக்குள் கோத்திருக்கும் கத்தியின் வாலை இருபுறமும் ஒரே இறுக்கத்தில் பிடிக்கும். கத்தி மடங்கித் திரும்பும் அச்சாணி 1 டிகிரி சாய்ந்தால்கூட 12 செ.மீ. தள்ளியிருக்கும் நுனி 2 மி.மீ. விலகிவிடும், கூர் தகட்டில் இடிக்கும். நான் மூன்று ஆப்பு செதுக்கிய பிறகுதான் அலகு நடுவில் வந்து உட்கார்ந்தது.

அப்புறம் புது ஆணிக்கு 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி, இரு பக்கமும் வாஷர். கம்பி 1 மி.மீ. வெளியே நிற்கட்டும், உருண்டைத்தலைச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டித் தலையை விரிய வையுங்கள். ஓங்கி அடித்தால் உள்ளே கம்பி வளையும், கொம்பு விரிசல் விடும்.

சரி, கழற்றிய பழைய பிடியைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் அடுத்த இரும்பையும் அது அரிக்கும்.