ரன்னிங்குக்கு இரண்டு என், ரைட்டிங்குக்கு ஒரே டி

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளின் டிக்டேஷன் நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார் ஒரு வாசகி. 'ரன்னிங்' என்பதில் ஒரே ஒரு என். 'ரைட்டிங்' என்பதில் இரண்டு டி. இரண்டையும் சிவப்பு மையில் சுழித்திருந்தது. "எதற்கு ஒன்று, எதற்கு இரண்டு என்று கேட்கிறாள். எனக்கே தெரியவில்லை. விதி ஏதாவது இருக்கிறதா, மனப்பாடம்தானா?"

விதி இருக்கிறது. அதில் முக்கால்வாசியை நாம் தமிழ் வகுப்பிலேயே படித்துவிட்டோம்.

'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்.' நன்னூல். கல்லோடு 'ஐ' சேர்ந்தால் கல்லை. காலோடு சேர்ந்தால் காலை. நெடில் என்பதால் இரட்டவில்லை. கண்ணோடு 'கள்' சேர்ந்தால் வெறும் கண்கள், வருவது உயிர் இல்லையே. இதை அப்படியே எடுத்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு வாருங்கள். 'ரன்' குறில். பின்னால் வரும் 'இங்' உயிரில் தொடங்குகிறது. எனவே என் இரட்டிக்கிறது. ஃபிட்டர் என்பதில் இரண்டு டி, ஃபிட்னஸ் என்பதில் ஒன்றுதான், நம் கண்கள் போல. 'ரைட்' என்பதில் இருக்கும் ஐகாரம் நம் கணக்கில் நெடில். இரட்டாது.

'ரைட்' என்று எழுதும்போது வாலில் நிற்கும், ஒலிக்காத ஊமை ஈ எழுத்து ரைட்டிங்கில் எங்கே போனது? அதற்கும் சூத்திரம் உண்டு: 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்.' பந்து, ஆட்டம் சேர்ந்தால் உகரம் ஓடிப்போய் பந்தாட்டம். பந்துகள் என்றால் ஓடாது. யூஸிங் என்றால் ஈ ஓடிவிடும், யூஸ்ஃபுல் என்றால் அசையாமல் நிற்கும்.

ஒற்றுமை இவ்வளவுதான். கல்லை என்று சொல்லும்போது நம் நாக்கு உண்மையிலேயே லகரத்தில் ஒரு கணம் தங்குகிறது. ஓர் ஆங்கிலேயர் ரன்னிங் என்று சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள்: ர-னிங். ஒரே ஒரு னகரம்தான். வாயில் இல்லாத எழுத்து தாளில் ஏன் இருக்கிறது?

அந்த இரண்டாவது என், தனக்காக நிற்கவில்லை. முன்னால் இருக்கும் உயிரெழுத்துக்குக் காவல் நிற்கிறது. ஆங்கிலத்தில் உயிரெழுத்து ஐந்து, உயிரொலிகளோ அதைப்போல் பல மடங்கு. நம் இ, ஈ போலக் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு ஒன்று என்று தனி எழுத்து கிடையாது. அதனால் படிப்பவர் அடுத்து வருவதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒற்றை மெய்யும் அதன்பின் உயிரும் வந்தால் பெரும்பாலும் நீட்டிப் படி. இரண்டு மெய் வந்தால் குறுக்கிப் படி. ஒரு என் போட்டு எழுதினால் கண் அதை 'ரூனிங்' என்று படிக்கும். டைனர், டின்னர் இரண்டுக்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு ஒரே ஒரு என். டைனர் சாப்பிடுகிறவர், டின்னர் அவர் சாப்பிடுவது.

பழைய ஆங்கிலத்தில் இரட்டை மெய் நம்முடையதைப் போலவே காதில் கேட்டது. 'சுன்னெ' என்றால் சூரியன், 'சுனு' என்றால் மகன். பிறகு திறந்த அசையில், அதாவது மெய்யில் முடியாமல் உயிரில் முடியும் அசையில், நின்ற குறில்கள் நீண்டன. நேம் என்ற சொல் அப்போது 'நா-மெ' என்று ஈரசையாக ஒலித்தது (நம் நாமத்துக்கு அது தூரத்து உறவு). காலப்போக்கில் கடைசி எகரமும் தேய்ந்தது, இரட்டித்த மெய்யும் ஒற்றையாகிவிட்டது. ஒலி போயிற்று, எழுத்து தங்கிவிட்டது. தங்கியதற்கு ஒரு வேலையும் கிடைத்தது.

12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பக்கத்தில் ஓர்ம் என்ற துறவி இருந்தார். குறிலுக்குப் பின் வரும் மெய்யை அவர் பிடிவாதமாக இரண்டு தடவை எழுதினார். நகலெடுப்பவர்களும் அப்படியே எழுத வேண்டும் என்று நூலிலேயே கேட்டுக்கொண்டார். நகலெடுக்க ஆள் வந்ததாகத் தெரியவில்லை; ஒரே ஒரு சுவடிதான் மிஞ்சி ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. இங்கே பவணந்தியார் நன்னூல் எழுதியதும் கிட்டத்தட்ட அதே காலம்தான்!

சரி, அந்தப் பெண் ஏன் ரைட்டிங்குக்கு இரண்டு டி போட்டாள்? தமிழில் ட் இரட்டித்தால்தான் வல்லோசை வரும். 'ரைடிங்' என்று எழுதினால் குதிரைச் சவாரி ஆகிவிடும். அவள் காது தமிழ்க் காது. தனக்குக் கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறாள். அவளிடம் மெய்யைக் கேட்காதே, உயிரைக் கேள் என்று சொல்லுங்கள். ரிட்டன்: குறில், இரண்டு டி. ரைட்டிங்: நெடில், ஒரு டி. ஷாப்பிங் போன்றவற்றில் மட்டும் கொஞ்சம் இடறும். ஆங்கிலேயரின் குறிலை நாம் 'ஷா' என்று நீட்டிவிடுகிறோம்.

தமிழ்க் காதால் ஆங்கிலத்தில் வரும் இத்தகைய பிழைகளை ஊர் ஊராகச் சேகரித்து ஆராய யாராவது பணம் ஒதுக்கினால், ஸ்மார்ட் போர்டுக்குக் கொட்டுவதைவிட உருப்படியான செலவு என்பேன். ஐம்பது முறை இம்போசிஷன் எழுத வைப்பது எதையும் சொல்லித் தராது. ராசிக்காகப் பெயரில் ஓர் எழுத்தை இரட்டித்துக்கொள்பவர்களுக்கும் ஒரு தகவல்: அதிர்ஷ்டம் வருமோ வராதோ, முன்னால் இருக்கும் உயிர் குறுகிவிடும்.

விதிவிலக்குகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ் இரட்டாது, அதுவே 'க்ஸ்' என்று இரண்டு ஒலி. மகன் மகனை ஆவது போல ஓபன் ஓபனிங் ஆகும், ஆனால் பிகின்னிங் இரட்டும்; ஆங்கிலம் அங்கே அழுத்தம் விழும் அசையைப் பார்க்கிறது. டிராவலிங் என்பதில் பிரிட்டிஷார் அழுத்தத்தையும் மதிக்காமல் இரண்டு எல் போடுவார்கள். அமெரிக்க அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர் ஒன்றை வெட்டினார். நம் பள்ளிக்கூடத்தில் சரியாக இருப்பதற்குக் கணினியில் சிவப்புக் கோடு விழுவது அதனால்தான்.

இதையெல்லாம் என் அக்கா மகனுக்கும் சொல்லியிருந்தேன். போன ஞாயிறு முடி வெட்டிக்கொள்ளப் போனோம். கடைப் பலகையில் 'ஹேர் கட்டிங்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, ஒரே ஒரு டியோடு. நாற்காலியில் உட்கார்ந்ததும் கத்தரிக்கோல்காரரிடமே கேட்டுவிட்டான்: "மாமா, நீங்க கியூட்டிங்தான் பண்ணுவீங்களா?"