பதிமூன்று வயது ஃபார்வர்டின் கோல் கணக்கு

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்ட் முடிந்தால் யாராவது ஒரு அப்பா வந்து நிற்பார். "சார், நம்ம பையன்தான் டாப் ஸ்கோரர். பெரிய கிளப்ல சேத்துவுட முடியுமா சார்?" பையனுக்கு 13 வயது இருக்கும். அந்த வயதில் அடித்த கோல்களை வைத்து அவன் நாளைக்கு என்ன ஆவான் என்று சொல்லவே முடியாது. ஆனால் நம் ஏரியாவில் அந்தக் கணக்கைக் காட்டித்தான் பெற்றோரிடம் பணம் பிடுங்குகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உடம்பு. ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் 13, 14 வயதில் சட்டென்று வளர்வார்கள். சிலருக்கு அது 12-லேயே வந்துவிடும், சிலருக்கு 15 தாண்டும். சீக்கிரம் வளர்ந்தவனுக்குப் பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடினாலே போதும், டிஃபெண்டர் எட்ட மாட்டான். 17 வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிட்ட பிறகு அந்த ஓட்டம் மட்டும் போதாது. வேறு எதையும் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயமே அவனுக்கு அதுவரை வந்திருக்காது.

பிறந்த மாதமும் இதில் விளையாடும். இதை முதலில் கவனித்தது கனடாவின் ஐஸ் ஹாக்கியில். அங்கே ஜூனியர் அணிகளில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் குவிந்திருப்பதையும், வருடக் கடைசியில் பிறந்தவர்கள் மிகக் குறைவாக இருப்பதையும் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் இருந்தவர்களும் 1985-இல் எழுதினார்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. ஜனவரிப் பையனும் டிசம்பர் பையனும் ஒரே அணி, ஆனால் நடுவில் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி. செலக்‌ஷனில் பெரியவனை எடுக்கிறார்கள், அவனுக்கே நல்ல பயிற்சியும் கிடைக்கிறது, அப்புறம் அவன் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரனாகிவிடுகிறான். கால்பந்திலும் இதேதான். ஆனால் அதைத் தாண்டி வந்தவர்களும் உண்டு. வடசென்னையிலிருந்து போய் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு ஆடிய நந்தகுமார் சேகர் பிறந்தது 1995 டிசம்பர் 20. 2023 டூரண்ட் கோப்பையின் குரூப் ஆட்டத்தில், அதே ஊர்ப் பரம எதிரி மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல்தான் ஆட்டத்தை முடித்தது. உங்கள் பையன் டிசம்பரில் பிறந்தவனாக, அணியிலேயே குள்ளமாக இருந்தால், தயவுசெய்து அவசரப்பட்டு ஆட்டத்தை விட வைக்காதீர்கள்.

சிலர் இதற்குக் குறுக்கு வழியாக சர்டிஃபிகேட்டில் வயதைக் குறைக்கிறார்கள். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைக் கண்டுபிடிக்க 2009 முதல் மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறது, நம் நாட்டிலும் எலும்புச் சோதனை உண்டு. மாட்டினால் தண்டனை அனுபவிப்பது பையன்தான்.

சரி, கோலைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது?

ஒரு ஃபார்வர்டை, அதாவது கோல் அடிக்க முன்வரிசையில் ஆடுபவனை, எடைபோடும்போது முதல் இருபது நிமிடம் நான் பந்தைப் பார்ப்பதில்லை, பையனை மட்டும் பார்ப்பேன். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறானா? நார்வேயைச் சேர்ந்த கெய்ர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களை ஆராய்ந்தபோது, பந்து வரும் முன் அதிகம் சுற்றிப் பார்த்தவர்களின் பாஸ்தான் அதிகம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. இது உயரத்தோடு வருவதில்லை, பழக்கத்தோடு வருவது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு தனிப் பிரச்சினை இருக்கிறது. சந்திலும் சின்ன மைதானத்திலும் ஐந்து பேர் ஆட்டம் ஆடியே வளர்கிறார்கள். மேடு பள்ளத்தில் எகிறும் பந்தை அடக்கி அடக்கி, முதல் டச் அவ்வளவு மென்மையாக இருக்கும். இரண்டு பேர் மறித்தாலும் நடுவில் புகுந்து வந்துவிடுவார்கள். இது எங்கேயும் காசு கொடுத்து வாங்க முடியாத சொத்து. ஆனால் அந்த ஆட்டத்தில் ஆஃப்சைடு (பாஸ் கிளம்பும்போது டிஃபெண்டர்களைத் தாண்டி முன்னால் நிற்கக்கூடாது என்ற விதி) கிடையாது. பல நேரம் கீப்பரும் கிடையாது, இரண்டு செங்கல்தான் போஸ்ட். பெரிய மைதானத்துக்கு வந்ததும் டிஃபெண்டர் வரிசையோடு ஒட்டி நின்று, பாஸ் கிளம்பும் அந்த நொடியில் ஓடத் தெரியாமல் திரும்பத் திரும்ப ஆஃப்சைடு ஆகிறான். 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள கோலில் கீப்பருக்கு எட்டாத மூலையைத் தேடாமல், பழக்கதோஷத்தில் தரையோடு தட்டுகிறான். ஒரே ஒரு ட்ரையல்ஸ் பார்க்கிற வெளியூர் கோச் "ஆட்டப் புத்தி இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். புத்தி இருக்கிறது, பழக்கம்தான் இல்லை. 12 வயதிலிருந்து வாரம் ஒரு நாளாவது முழு அளவு மைதானத்தில் ஆஃப்சைடு வைத்து ஆடவிட்டால் சில மாதங்களில் இது மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அணி இரண்டு கோல் பின்தங்கி இருக்கும்போதும் பார்க்க வேண்டும். பந்தை இழந்ததும் இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, துரத்துகிறானா என்பது அங்கேதான் தெரியும்.

ஒருமுறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். வேகமாக வளரும் மாதங்களில் கைகால் நீண்டு, நேற்று வரை அடங்கிய பந்து இன்று அடங்காது. குதிகாலிலோ முட்டிச்சிப்பிக்குக் கீழேயோ வலி வரும். அப்போது "சோம்பேறி ஆயிட்டான்" என்று திட்டி, ஸ்ப்ரே அடித்து ஆட வைப்பது பெரிய பாவம். டாக்டரிடம் காட்டி ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுச் சுவரில் உயரத்தைக் குறித்து வையுங்கள். வளர்ச்சி எப்போது வேகம் எடுக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எதிர்காலம் பற்றி நேராகவே சொல்கிறேன். இந்தியாவின் பெரிய லீக்கான ஐஎஸ்எல்-இல் கிளப்புகள் நடு ஃபார்வர்ட் இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரருக்கே கொடுக்கின்றன. 2024-25 சீசனில் இந்தியர்களில் அதிகமாக, 14 கோல், அடித்தவர் 40 வயது சுனில் சேத்ரி. அதனால் விங்கிலும், அதாவது மைதானத்தின் ஓரத்திலும், ஆடத் தெரிந்த, இரண்டு காலாலும் அடிக்கத் தெரிந்த பையனுக்குத்தான் கதவு அகலமாகத் திறக்கும். நந்தகுமார் ஆடுவதும் விங்கில்தான். ஐஎஸ்எல் போகாவிட்டாலும் சென்னை லீக்கில் சதர்ன் ரயில்வே, ஐசிஎஃப், இந்தியன் வங்கி, வருமான வரித்துறை போன்ற அணிகள் இருக்கின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தும். அதற்கும் படிப்பு சர்டிஃபிகேட் வேண்டும், பள்ளியை நிறுத்திவிடாதீர்கள்.

இனி பணம். ஸ்பெயினில் சேர்த்துவிடுகிறேன், போர்ச்சுகலில் சேர்த்துவிடுகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இந்தத் தெருக்களுக்கும் வருகிறார்கள். தாலியை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். சில விதிவிலக்குகள் தவிர, 18 வயதுக்குக் கீழே உள்ளவரை வெளிநாட்டு கிளப்பில் பதிவு செய்ய ஃபிஃபா அனுமதிப்பதில்லை. ஏஜெண்டுக்கு ஃபிஃபா லைசென்ஸ் வேண்டும், பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் சிறுவனிடம் பேசவே கூடாது. 18-க்குள் போடும் தொழில்முறை ஒப்பந்தம் மூன்று வருடத்தைத் தாண்டக்கூடாது. தங்கிப் படிக்கும் அகாடமிக்கு ஃபீஸ் கட்டுவது வேறு, அணியில் இடம் வாங்கித் தருகிறேன் என்பவருக்குக் கொடுப்பது வேறு.

ஃபிஃபா விதியில் பணம் எதிர்ப்பக்கமாகத்தான் ஓடுகிறது. ஒருவன் தொழில்முறை ஆட்டக்காரனாகும்போது, 12 வயதிலிருந்து அவனைப் பழக்கிய கிளப்புகளுக்குப் பயிற்சி இழப்பீடு என்று ஒரு தொகையை அவனை எடுக்கும் கிளப் கொடுக்க வேண்டும். முல்லை நகர் மைதானத்தில் வருடக்கணக்கில் அவனோடு நின்ற உள்ளூர் கிளப்புக்கும் அதில் பங்கு வரலாம். ஆனால் கிளப்பும் பையனும் முறைப்படி பதிவாகி இருந்தால்தான். அதனால் 12 வயது ஆனதும் சரியான பிறந்த தேதியோடு பதிவு செய்யச் சொல்லி உங்கள் கோச்சைக் கேளுங்கள், பதிவு எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.